ஒலிக்கு ஆள் கிடைத்துவிட்டது

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். படம் எடுக்கக் கிளம்பியவன் தலைமறைவாகிவிட்டான் என்று ஜமீன்தாரிடம் சொன்னாயாமே? அவரிடம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி என்று தெரிந்துதானே சொன்னாய்?

செய்தி இதுதான். ஒளிப்பதிவாளர் போய்விட்டார். ஒரு பெரிய படத்தில் உதவியாளர் வேலை, மாதச் சம்பளம். திட்டலாம் என்று போனை எடுத்தேன், வாழ்த்திவிட்டு வைத்தேன். 'படம் விற்றால் பங்கு' என்ற என் வாக்கை நம்பி யார் வாடகை கட்ட முடியும்?

இந்த அலைச்சலில் ஒன்று பிடிபட்டது. கதையைக் கேட்டதும் "அபாரம் சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்குபவர்கள்தாம் மறுவாரம் போனை எடுப்பதில்லை. ஒலிப்பதிவுக்கென்று வந்த பெண்ணோ ஒரு வார்த்தை பாராட்டவில்லை. திரைக்கதையைப் பென்சிலும் கையுமாகப் படித்தாள். அண்ணனும் தங்கையும் முணுமுணுக்கும் காட்சியில் நிறுத்தினாள்.

"ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை என்று எழுதியிருக்கிறீர்கள். நேரடி ஒலியா, டப்பிங்கா?"

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"பிறகு பார்க்கப் பணம் இருக்கிறதா?"

உன் அத்தை கேட்ட மாதிரியே இருந்தது!

மறுநாள் படப்பிடிப்பு வீட்டுக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்கு அறை நின்று கேட்டாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னாள். பிறகு எங்கள் யாரையும் அசையவிடாமல் வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்தாள். வசனங்களை வெட்டி ஒட்டும்போது நடுவே விழும் பள்ளத்தை அந்த வெற்று ஒலியை வைத்துத்தான் நிரப்ப வேண்டுமாம். அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் முடிவெடுத்துவிட்டேன்.

நம் கோஷ்டியில் யாரிடம் பேசினாலும் சத்யஜித் ராயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யை இழுக்கிறார்கள். சினிமா கேமராவையே இயக்கியிராத, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சுப்ரத மித்ராவை 1952இல் ஒளிப்பதிவுக்கு ராய் நம்பவில்லையா, நீயும் யாராவது ஒரு பையனைப் பிடி என்கிறார்கள். ஏதோ தெருவில் போனவரைக் கூப்பிட்டுக் கேமராவைக் கொடுத்த மாதிரி! பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் படமெடுத்தபோது மித்ரா அங்கே போய் நின்று, எந்த விளக்கை எங்கே வைத்தார்கள் என்று படம் வரைந்து குறித்து வைத்திருந்தவர். அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் பையன் கிடைத்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வேன்.

இப்போது ஒளிப்பதிவுக்கு வருபவர்களிடம், ஒரு நாள் கூலி தருகிறேன், ஒரே ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம் என்கிறேன். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது, இன்னும் இரண்டு ஷாட் பாக்கி இருக்கும்போது, ஒரு மனிதர் உதவியாளரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட வேண்டும். முன்பு எடுத்ததில் நல்லதை மட்டும் தொகுத்துக் காட்டும் ஷோ ரீலில் அது தெரியாது.

பயம் ஒன்றும் இருக்கிறது. யாருடனும் எழுத்தில் எதுவும் இல்லை. எடுத்த காட்சிகளின் உரிமை யாருக்கு? பாதியில் விலகுபவரின் பெயரைத் திரையில் எப்படிப் போடுவது? ஹார்ட் டிஸ்க் யாரிடம் இருக்க வேண்டும்? "நட்புக்குள் காகிதம் எதற்கு?" என்கிறான் மூக்கன். பங்குப் பணம் என்று ஒன்று வந்தால் முதலில் கணக்குக் கேட்கப்போகிறவன் அவன்தான்.

ஆகவே வக்கீல் ஐயா, இத்துடன் வைத்திருக்கும் ஒப்பந்த வரைவைப் படித்துத் திருத்தி அனுப்பு. கட்டணம் உண்டு. படம் விற்றால்.

அன்புடன்,
ரவி