ஊரின் பெயரையும் அச்சிடுங்கள்: சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

போலந்துக்குத் தமிழ்ப் பயணிகளை அழைத்துவரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். "ஆஷ்விட்ஸ், போலந்து வதைமுகாம்" என்று தங்கள் பயண நிரலில் உள்ள ஒற்றை வரி தங்களுக்கு நினைவிருக்கும். குழுவின் பேருந்தைத் தவறவிட்ட ஒரு வயதான தம்பதியர், சென்ற வாரம் கிராக்கோவ் ரயில் நிலையத்தில் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி, அறிவிப்புப் பலகையின் ஒவ்வொரு வரியிலும் 'ஆஷ்விட்ஸ்' என்ற பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு பெயரில் அங்கே ரயில் நிலையமே கிடையாது. அந்த முகாம் உள்ள ஊரான ஒஷ்வியென்ச்சிம் செல்லும் ரயில் அவர்கள் கண்ணெதிரேயே புறப்பட்டுப் போனது. முன்பதிவு செய்திருந்த நுழைவு நேரமும் அதோடு போயிற்று. மதிய உணவுக்கான இந்திய உணவகத்தின் முகவரி மட்டும் கதவு எண்ணோடு பிழையின்றி அச்சாகியிருந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி.

சோவா ஆறு விஸ்துலாவில் கலக்கும் இடத்தருகே உள்ள ஒஷ்வியென்ச்சிம், முகாமுக்காக முளைத்த ஊரன்று. பழைய ஸ்லாவிய ஆள்பெயர் ஒன்றிலிருந்து பிறந்தது அதன் பெயர் என்பர். பதினான்காம் நூற்றாண்டில் தனிக் குறுநாட்டின் தலைநகராக இருந்த இவ்வூரை, 1457இல் அதன் சிற்றரசர் போலந்து மன்னருக்கு விற்றார். 1772இல் ஆஸ்திரியா கைப்பற்றியபின் அரசு ஆவணங்களில் 'ஆஷ்விட்ஸ்' ஆனது. 1918இல் போலந்து மீண்டபோது சொந்தப் பெயரும் மீண்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊராரில் பாதிக்கு மேற்பட்டோர் யூதர்கள். 1804இல் தொடங்கிய ஹாபர்ஃபெல்ட் குடும்பத்தின் மது ஆலை அவர்களுடையதே. 1939இல் நாஜி ஜெர்மனி இப்பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, ஜெர்மன் பெயரை மறுபடியும் சூட்டியது.

இதில் 'போலந்து வதைமுகாம்' எங்கிருந்து வந்தது? 1940 ஜூன் 14 அன்று டார்னூ என்ற போலந்து நகரிலிருந்து அங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்ட 728 பேர் நாஜிகள் சிறைப்பிடித்த போலந்து நாட்டு அரசியல் கைதிகள். பின்னர் அங்கே கொல்லப்பட்ட ஏறத்தாழ 11 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். கொன்றவர்கள் ஜெர்மன் நாஜிகள். இந்தக் குழப்பம் வேண்டாமென்று போலந்து கேட்டுக்கொண்டதால், 2007இல் யுனெஸ்கோவே தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இம்முகாமின் பெயரோடு 'ஜெர்மன் நாஜி' என்ற சொற்களைச் சேர்த்தது. யுனெஸ்கோ திருத்திக்கொண்டதைத் தங்கள் அச்சகம் திருத்திக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டுகள் தேவை? முன்னூறு பக்க வழிகாட்டி நூலை யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு வரிதான்.

பழைய கோட்டைக் கோபுரத்தையோ சந்தைச் சதுக்கத்தையோ காட்டத் தங்களுக்கு நேரமில்லாமல் இருக்கலாம். அது தங்கள் விருப்பம். ஊரின் பெயரை விழுங்குவது அப்படியன்று. ஆகவே அந்த வரியை "ஒஷ்வியென்ச்சிம் நகரம்: ஆஷ்விட்ஸ்-பிர்கெனௌ, ஜெர்மன் நாஜி வதைமுகாம் நினைவிடம்" என்று மாற்றி, பலகையில் உள்ளபடியே போலிஷ் எழுத்திலும் ஊர்ப்பெயரை அருகில் அச்சிட்டு, அடுத்த குழு புறப்படுவதற்குள் பயணிகள் கையில் கொடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிராக்கோவில் வாழும் தமிழர் ஒருவர்