மணி எழுதப்படாத சாதகம்

பொகவந்தலாவை,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. விடியற்காலையில் பனி கடுமையாகக் கொட்டுவதால் மலையில் கொழுந்து குறைவு. தம்பி கொழும்பிலிருந்து வாரம் ஒரு முறை பேசுகிறான். நீ தைப்பொங்கலன்று பேசியதுதான். உனக்கு வேலை அதிகம் என்று அவன் சொன்னான், நானும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

சென்ற வாரம் கிளாக்கர் வீட்டுப் பையன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மாத்தறை நில்வளா கங்கைக் கரைச் சேற்றில், வாய் கட்டப்பட்ட ஒரு பெரிய முதலையின் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி நீ அமர்ந்திருக்கிறாய். மழைக்கோட்டின் தொப்பி விழுந்து, தலை முழுதும் நனைந்திருக்கிறது. உன் இடது கையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கையுறையாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். கையுறை என்றால் இரண்டு விரலுக்கு மட்டும் போடுவார்களா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப்போவதில்லை. அந்தப் படத்தைக் கோயில் தலைவரிடமும், ஓய்வு பெற்ற பெரிய கணக்கப்பிள்ளையிடமும், தபால் கொண்டுவரும் பையனிடமும் காட்டச் சொல்லி, அந்தப் பிள்ளையை ஒரு நாள் முழுதும் என்னோடு அலைய வைத்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுத நினைத்தது, தொலைக்காட்சியில் முதலை பிடித்துக் காட்டிய அந்த ஆஸ்திரேலியக்காரர் ஸ்டீவ் இர்வினின் சாதகத்தைப் பற்றி. நீ மறந்திருக்க மாட்டாய். 2006 செப்டம்பர் 4, ஒரு திங்கட்கிழமை, அவர் இறந்த செய்தியைக் கிளாக்கர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, சோற்றைத் தொடாமல் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாய். உனக்கு ஒன்பது வயது. முதலை கடித்தா செத்தார் என்று நான் கேட்டதற்கு, இல்லை, திருக்கை மீன் என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதாய். அன்றிரவு பழைய பஞ்சாங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்குக் கட்டம் போட்டேன். அந்தத் தாள் இப்போதும் டிரங்குப் பெட்டியில் உன் சாதகக் குறிப்புக்குக் கீழேதான் இருக்கிறது. இந்த வாரம் இரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பிறந்தது 1962 பெப்ரவரி 22, மெல்பேர்ன் பக்கத்தில். நமக்கு அது மாசி மாதம் பத்தாம் நாள் அளவில் வரும். அந்த மாதத் தொடக்கத்தில்தான், 3ஆம் தேதி முதல் 5ஆம் தேதி வரை, எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடின. உலகம் அழியப்போகிறது என்று இந்தியாவில் யாகம் வளர்த்தார்கள். நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் மூன்று இரவு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டதாக உன் அப்பாயி சொல்வார். இர்வின் பிறந்த நாளில் அந்தக் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது என்றாலும், செவ்வாய் மகரத்தில் உச்சம், சனி அதே மகரத்தில் ஆட்சி, கூடவே கேது. எதிரே கடகத்தில் இராகு, அதுவும் நாகர்களுக்கு உரிய ஆயிலியத்தில். மகரம் என்ற சொல்லுக்கே முதலை என்றும் சுறா என்றும் பொருள் சொல்கிறார்கள். கோயில் மகர தோரணத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் அந்த மிருகத்தைக் காட்டி, இது முதலையா யானையா என்று சின்ன வயதில் நீ என்னைப் படுத்தியது நினைவிருக்கிறதா? முதலை பிடிக்கிறவனுக்கு முதலை வீட்டில் இத்தனை கிரகம் என்றதும், எனக்கு அன்றிரவு பெரிய சாஸ்திரி ஆகிவிட்ட நினைப்பு வந்தது.

ஆனால் என் கையில் நாளும் ஊரும்தான் இருந்தன, மணி இல்லை. மணி இல்லாமல், பிறந்த நேரத்தில் கிழக்கே எழுகிற ராசியாகிய லக்கினம் போட முடியாது என்பது இந்த வித்தையின் அரிச்சுவடி. ஆகவே சந்திரனை லக்கினமாக வைத்துப் பார்த்தேன். அன்று சந்திரன் கன்னியில். கன்னிக்கு மூன்றாமிடம் விருச்சிகம், தைரியத்தின் வீடு. எட்டாமிடம் மேஷம், ஆயுளின் வீடு. இரண்டுக்கும் அதிபதி செவ்வாய் ஒருவனே. அந்தச் செவ்வாய் பிள்ளைகளின் வீடாகிய ஐந்தில் உச்சம் பெற்றுக் கேதுவோடு நிற்கிறான். அவர் பட் ரீஃப் என்ற பவளத் திட்டில் இறந்த அன்று, வானிலை சரியில்லாமல் முக்கியமான படப்பிடிப்பு நின்றிருந்ததால், மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்காகத்தான் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினார் என்பதையும், அந்த மகளுக்கு எட்டு வயது, மகன் ராபர்ட்டுக்கு இரண்டு வயது என்பதையும் இந்தக் கட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் யாருக்கும் உடல் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது.

இப்போது இருபது வருடம் கழித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறேன். அவர் இறந்த அன்று கோசாரத்தில், அதாவது அன்றைய வானத்தில், சனி எங்கே இருந்தான்? கடகத்தில், கன்னி ராசிக்குப் பதினோராமிடம், இலாபச் சனி என்று எவரும் சந்தோஷமாகச் சொல்லி அனுப்பும் காலம். அவருக்கு ஏழரைச் சனிகூடத் தொடங்கியிருக்கவில்லை. முதல் நாள் அவர் என்னிடம் வந்து கேட்டிருந்தால், தாராளமாகப் போங்கள், ஒரு குறையும் வராது என்றுதான் சொல்லியிருப்பேன். இறந்த பிறகு கேட்டால், சனி அவருடைய பிறப்பு இராகுவின் மேல், கிட்டத்தட்ட அதே பாகையில், நீர் ராசியில், ஆயிலியத்தில் நின்றான் என்று அதே வாயால் சொல்லுவேன். இரண்டும் உண்மைதான், இரண்டும் அதே தாளில்தான் இருக்கின்றன. எந்த வரியைப் படிப்பது என்பதைச் செய்தி வந்த பிறகுதான் தீர்மானித்திருக்கிறேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். ஆனால் நீ சேர்த்துப் பார்த்திருக்க மாட்டாய். நான் அவருக்கு ஏழு நாள் இளையவன். அதே செவ்வாய் எனக்கும் மகரத்தில் உச்சம், அதே சனி, அதே கேது. அவர் முதலைகளின் மேல் பாய்ந்துகொண்டிருந்த வருடங்களில் நான் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஆளுக்கு அரைநாள் கூலியா முழுநாள் கூலியா, அரைப்பேரா முழுப்பேரா என்று எழுதிக்கொண்டிருந்தேன். கிரகம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே வந்தது என்று யோசித்தால், அவருடைய தகப்பனிடம் வந்தது என்றுதான் தோன்றுகிறது. பாப் இர்வின் குழாய் வேலை செய்துவந்த மனிதர். பாம்பு, பல்லியின் மேல் ஆசைப்பட்டு, 1970இல் குடும்பத்தோடு குயின்ஸ்லாந்துக்குப் போய்ச் சிறியதாக ஓர் ஊர்வனப் பூங்காவைத் தொடங்கினார். மகனின் ஆறாவது பிறந்த நாளுக்குப் பன்னிரண்டடி மலைப்பாம்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒன்பது வயதில், தான் பக்கத்தில் இருந்தபடியே அவனை முதல் முதலையின் மேல் பாயவிட்டார்.

ஒன்பது வயதில் நீ என்ன கொண்டுவந்தாய்? பிஸ்கட் டின்னில் ஒரு பச்சைப்பாம்பு. மூடியில் ஆணியால் நீயே ஓட்டை போட்டிருந்தாய். உள்ளே இரண்டு தேயிலைக் கொழுந்தும் ஒரு சோடா மூடியில் தண்ணீரும் வைத்திருந்தாய். அதை வாசலில் தட்டிக் கொட்டி, கவ்வாத்துக் கத்தியால் நான் வெட்டினேன். நீ அப்போது அழவில்லை. அந்தச் சோடா மூடியை எடுத்துக் கழுவிக் கூரைக் கட்டையில் வைத்தாய். இதைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான் அவர் இறந்தார். அந்த மனிதருக்குச் சந்திரன் நின்ற கன்னியில்தான் உனக்குச் செவ்வாய் நிற்கிறது, அதுவும் லக்கினத்துக்கு எட்டில், உனக்குத் தண்ணீரில் கண்டம் என்று மறுநாள் நான் உன்னிடம் சொன்னேன். அழுகிற பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா அது? அதோடு விட்டேனா? மற்றப் பிள்ளைகள் குளிக்கிற ஆற்றில் உன்னை இறங்கவிடவில்லை. பேராதனையில் படித்தபோது நீச்சல் பழகட்டுமா என்று கேட்டாய்; சாதகத்தை மறந்துவிட்டாயா என்று திருப்பிக் கேட்டேன். இன்று நீ இரவில் படகில் போய், டோர்ச் வெளிச்சத்தில் சிவப்பாய் மின்னுகிற கண்களை எண்ணுகிறாய் என்றும், மாத்தறைப் பக்கத்தில் மக்கள் ஆற்றுக்குள் வேலி அடைத்துக்கொண்டுதான் குளிக்கிறார்கள் என்றும் தம்பி சொல்கிறான். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதே. தனியாகப் போகாதே. முதலைக்கு வாயை மூடும் பலம்தான் அதிகம், திறக்கும் பலம் குறைவு, ஒரு கயிறு போதும் என்று நீ விளக்கினாய். சரி, ஆனால் கயிறு கட்டுவதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது அல்லவா? முழங்காலுக்கு மேல் இறங்காதே.

கொட்டகலைக்காரர்கள் இரண்டே நாளில் சாதகத்தைத் திருப்பி அனுப்பியது எட்டாமிடத்துச் செவ்வாயால்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் அப்படித்தான் போயின. சென்ற பொங்கலன்று, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடியும் குறிப்பைக் கொடுத்துவிட்டேன் என்று நீ கோபப்பட்டாய். படித்த பிள்ளை, பெரியவர்களிடம் அப்படிக் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நியாயம் எவ்வளவு இருக்கிறது என்பது உனக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

உன் சாதகத்திலும் மணி இல்லை. குறிப்பில் காலை 5.50 என்று என் கையெழுத்தில் இருப்பது, நீ பிறந்த நேரம் அல்ல. நான் வீட்டுக்கு வந்த நேரம். காமன் கூத்துக்குக் காமன் ஊன்றிய இரவு அது. கூத்துத் திடலில் தப்புச் சத்தம் ஓய்ந்த பிறகும் நான் வீட்டுக்கு வரவில்லை. எங்கே கிடந்தேன் என்பது உன் சின்ன மாமாவுக்கு மட்டும் தெரியும். லயத்து வாசலுக்கு வந்தபோது ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே உன்னைக் குளிப்பாட்டி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். உன் தலைமயிர் காய்ந்துவிட்டிருந்தது. சற்று நேரத்தில் உன் தாத்தா பஞ்சாங்கத்தோடு வந்து, என்ன நேரம் என்று கேட்டார். பக்கத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அதைப் பார்த்து ஒரு மணியைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை நானே கேட்டேன். "கோழி கூவ நேரம் கிடந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிசியைப் புடைக்கப் போய்விட்டாள்.

மாசியில் விடியும் நேரத்துக்குக் கும்ப லக்கினம். அப்படிப் பார்த்ததால்தான் செவ்வாய் எட்டில் விழுந்தது. கோழி கூவுவதற்கு முன்னால் என்றால் மகர லக்கினம், செவ்வாய் ஒன்பதில், தோஷம் கிடையாது, கண்டமும் கிடையாது. மகரம் என்றதும் நீ சிரிப்பாய். சிரி. அதையும் நம்பச் சொல்லி நான் எழுதவில்லை. கோழி கூவியதை வைத்து இன்னொரு கட்டம் போட்டு உன் கையில் கொடுத்தால், பழைய பிழையை இன்னொரு முறை செய்தவன் ஆவேன். அந்தப் பழைய குறிப்பை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வேறு பிரதி இல்லை, இனி எவருக்கும் கொடுக்கவும் மாட்டேன். வைத்துக்கொள்வதோ கிழிப்பதோ உன் இஷ்டம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் கண்டம் என்று சொல்லி உன்னை நீச்சல் தெரியாதவளாக வளர்த்து, அப்படியே ஓர் ஆற்றுக்கு அனுப்பியிருக்கிறேன். இரவில் விழிப்பு வந்தால் இதுதான் வருகிறது. மாத்தறையில் கடல் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். அதற்குப் பணம் வேண்டுமென்றால் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன், மறுக்காதே. அதுவரைக்கும் முழங்காலுக்கு மேல் இறங்காதே.

தொலைபேசியில் பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், நான் கோபிக்க மாட்டேன். இரண்டு வரி கடிதமாகப் போடு. ஆனால் கணினியில் அடிக்காமல் கையால் எழுது. பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை எழுதச் சொல்லாதே. நீ இடக்கையால் எழுதினால் எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா கறிவேப்பிலைத் தூளும் உருண்டைப் புளியும் கட்டி வைத்திருக்கிறாள். தம்பி வரும்போது கொடுத்து அனுப்புவோம்.

இப்படிக்கு,
அப்பா