அந்த 2,400 யென் பற்றி, சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

வாட்ஸாப்பில் எழுதினால் படித்துவிட்டுக் கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிடுவீர்கள். போன் போட்டால் உங்கள் வலது காதுக்கு எட்டுவதில்லை, இடது காதில் வையுங்கள் என்று சித்தி பின்னாலிருந்து கத்த, நான் இங்கிருந்து கத்த, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு தீர்ந்துபோகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். நம் ஆட்களும் படிப்பார்கள் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. நடுவில் எங்காவது நான் மழுப்பினால் ஏன் என்று உங்களுக்கு மட்டும் தெரியும், அது போதும்.

நேற்று இசைத்தட்டுகளை எல்லாம் விற்றுவிட்டேன். 412 இருந்தன. டிசம்பரோடு இங்கே ஜப்பானில் வேலை முடிகிறது, திரும்பி வருகிறேன், இதையெல்லாம் கப்பலில் ஏற்றி நம் ஊர் வெயிலில் இறக்கி வைக்கத் தைரியம் இல்லை. கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவி, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, சீட்டில் விலை குறித்துக்கொண்டே போனான். மூன்று மணி நேரம். என் குடியிருப்பு அட்டையை வாங்கி நகல் எடுத்துக்கொண்டான், பழைய பொருள் வாங்குகிறவர்கள் விற்கிறவன் யாரென்று பதிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. கையில் வந்தது 1,86,000 யென். போட்ட காசில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வருத்தமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். வெளியே வந்ததும் பசித்தது, ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

2016 நவம்பர். டோக்கியோவில் ஓச்சனோமிசு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் ஹிஜிரி பாலத்தில் நின்றுவிட்டீர்கள். ஆரஞ்சு வண்டி ஒரு பக்கம், மஞ்சள் வண்டி ஒரு பக்கம், கீழே சுரங்கத்திலிருந்து தலையை நீட்டி ஆற்றைத் தாண்டி மறுபடி சுரங்கத்துக்குள் போகிற சிவப்பு வண்டி. மூன்றும் ஒரே நேரத்தில் வரும்வரை நகர மாட்டேன் என்று இருபது நிமிஷம். ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் ஆகியும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் உங்களை விடவில்லை. எனக்குக் குளிரெடுத்தது, சனிக்கிழமை ஒருநாள்தான் லீவு, எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் பழைய தட்டு விற்கிற டிஸ்க் யூனியனின் ஜாஸ் கடைக்கு உங்களைக் கூட்டிப்போனேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் ஒரு மணி நேரம் தட்டுகளைப் புரட்டினீர்கள். பிறகு ஒன்றை உருவி மார்போடு அணைத்துக்கொண்டு, எதைக் கேட்பதற்கும் கூச்சப்படுகிற அந்த முகத்தோடு வந்து, "திறந்து பாக்க விடுவாங்களாடா?" என்றீர்கள். விடுவார்கள். கென்பான் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு, கவுன்ட்டரில் அந்த வார்த்தையைச் சொன்னால் விளக்கைப் போட்டுத் தட்டை எடுத்துக் கொடுப்பார்கள். பையன் முதலில் உறையைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையைக் கிழியாமல் உருவி எடுத்தான். ஓபி என்பார்கள், கிமோனோ இடுப்பில் கட்டுவதற்கும் அதே பேர்தான், அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. நீங்கள் இரண்டு கையையும் பேன்ட்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டீர்கள். தட்டை விளிம்பில் மட்டும் உள்ளங்கைகளால் பிடித்து, கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து மெதுவாகச் சாய்த்தீர்கள். வெளிச்சம் ஒரு கோடாக அதன் மேல் சுற்றி வந்தது. வண்டிச் சக்கரத்தில் விரிசல் தேடுகிற ஆள் அப்படித்தான் பார்ப்பார் போல. திருப்பினீர்கள். இரண்டாம் பக்கத்தில் மயிரிழை போல ஒன்று இருக்கிறது, சத்தத்தில் தெரியாது என்று பையன் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"எவ்வளவுடா?"

2,400 யென். நம் காசில் அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குறைத்துச் சொன்னால் அது பொய். "வீட்ல ஊசியே இல்ல, பிளேயர் பரண்ல கெடக்கு, இத வாங்கிட்டுப் போயி என்ன சித்தப்பா பண்ணப்போறீங்க? யூட்யூப்ல இருக்கு, போன்ல போட்டுத் தர்றேன்." பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரல் எல்லோருக்கும் புரியுமே. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"சும்மா வெச்சுக்கலாமேன்னு பாத்தேன்," என்றீர்கள். தட்டை இரண்டு கையாலும் அவனிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். அவன் குனிந்தான், நீங்களும் குனிந்தீர்கள், அவனைவிடக் கொஞ்சம் அதிகமாக. அப்புறம் ஜிம்போச்சோவுக்கு நடந்துபோய்க் கறிச்சோறு சாப்பிட்டோம். "குழம்பு இனிக்குது," என்று ஒரே ஒரு வார்த்தை.

அந்த நேரத்தில் எனக்குக் கையில் காசு இல்லை. தங்கச்சி கல்யாணக் கடன், வாடகை, உங்கள் டிக்கெட்டுக்கே கிரெடிட் கார்டில் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். 2,400 யென் என்றால் மூன்று நாள் மதியச் சாப்பாடு. இதெல்லாம் உண்மை. நீங்கள் விமானம் ஏறிய அதே வாரம் 18,000 யென்னுக்கு ஹெட்போன் வாங்கினேன் என்பதும் உண்மை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

காசு காரணமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். 2009-ல் அப்பா உங்களிடம் வந்து கேட்டது, நீங்கள் சொன்ன பதில், அப்புறம் சித்தி கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது, இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு ஹாலில் உங்கள் தட்டுகள் எல்லாம் வரிசை கலையாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன, அதை மட்டும் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளும் ஞாபகம் இருக்கிறது. 461 மார்க், ஸ்கூலிலிருந்து ஓடி வருகிறேன், நீங்கள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினீர்கள். ஓடுகிற தட்டில் அந்தப் பக்கம் முடியட்டும் என்று அர்த்தம். வாசற்படியில் காத்திருந்தேன். அது ஒரு நீளமான பக்கம், சித்தப்பா.

சரி, விடுங்கள்.

நீங்கள் போன அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன், தட்டு இல்லை. அப்புறம்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஷின்ஜுகு, ஷிமோகிதசாவா, ஆபீஸ் வேலையாக ஓசாகா போனால் அமெரிக்காமுரா. அந்தத் தட்டைத் தேடித்தான் தொடங்கினேன் என்று இங்கே நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது அரிய தட்டே இல்லை. இங்கே ஜாஸ் கேட்கிறவர்களுக்கு அது செல்லப்பிள்ளை, கடைக்குக் கடை பியானோக்காரர் பில் எவன்ஸ் பெயர் போட்ட தடுப்புக்குப் பின்னால் இரண்டு மூன்று நின்றுகொண்டே இருக்கும். எத்தனை தடவை பார்த்திருப்பேன்! விரல் அதன் மேல் வந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடும். வாங்கியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வாங்காமல் இருந்ததால் மற்ற 412 வந்தன. விற்பனைக்கல்ல என்று அச்சிட்ட வெள்ளை லேபிள் தட்டுகள், எழுபதுகளின் கடைசியில் கிங் ரெக்கார்ட்ஸ் அச்சடித்த ப்ளூ நோட் கம்பெனித் தட்டுகள், ஓபி கிழியாதவை, கிழிந்தவை. பாதிக்கு மேல் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்கவில்லை. ஊசியை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன், போனில் அடுத்த தட்டின் விலையைப் பார்ப்பேன். உங்களுக்குத் தெரிந்தால் அடிப்பீர்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. யோகோஹாமாவில் நோகே என்ற இடத்தில் சிகுசா என்று ஒரு ஜாஸ் காப்பிக்கடை, 1933-ல் தொடங்கியது. 2018-ல்தான் முதல் தடவை போனேன். வெளிநாட்டுத் தட்டு வாங்க யாரிடமும் காசில்லாத காலத்தில் ஒரு காப்பிக்குக் காசு கொடுத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்பதற்காக இப்படிப்பட்ட கடைகள் இந்த நாடு முழுக்க இருந்தன, பலவற்றில் பேசக்கூடாது என்பதே சட்டம். மங்கல் வெளிச்சம். சுவர் மாதிரி ஸ்பீக்கர். என் எதிரே ஒரு கிழவர் கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, வலது கையை நாற்காலிக் கையில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். இரவு எட்டரை மணிக்கு நம் குவார்ட்டர்ஸ் ஹாலில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களே, அப்படியே. தெருவே உங்களைக் கிறுக்கு என்றது, நானும் என் கூட்டாளிகளிடம் அப்படித்தான் சொன்னேன். உங்களை மாதிரிக் கேட்பதற்கென்றே ஒரு தேசம் கடை கட்டி வைத்திருக்கிறது, அதில் ஒன்று என் அறையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது, நீங்கள் பத்து நாள் என்னோடு இருந்தீர்கள், நான் உங்களை டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அங்கே வருகிறவர்கள் காசு கொடுத்து, விரும்பி, வாயை மூடிக்கொள்கிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. ஒரே ஹால் உள்ள வீட்டில் இருமல் வந்தால் கொல்லைக்கு ஓட வேண்டியிருந்தது.

போன ஆடி மாதம் சித்தி போனில் பேச்சுவாக்கில்தான் சொன்னார். உங்களிடம் தட்டுகளைக் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியா போன அந்த ஆங்கிலோ இந்தியன் ஃபோர்மேன், ஒன்றை மட்டும் தன்னோடு எடுத்துப்போனாராம், அது இதுதானாம். அவர் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நீங்கள் இருவரும் கேட்டதாம். கடையில் நிற்கும்போது இதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன சித்தப்பா? ஒரு வார்த்தை! சும்மா வெச்சுக்கலாமேன்னு என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? எதையும் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அடுத்தவன் கிடந்து வேகட்டும் என்று இருப்பது உங்கள் பழக்கம். அப்பாவும் அப்படித்தான், எனக்கும் அது வந்திருக்கிறது என்று என் வீட்டில் புகார்.

போன மாதம் அதை வாங்கிவிட்டேன். அதே ஓச்சனோமிசு, விலை 3,800 ஆகியிருக்கிறது, ஓபி இல்லை. கென்பான் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று இரவு போனை அலமாரியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துக் கேட்டேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் ஒரு நிலவறைக் கிளப்பில் பில் எவன்ஸ் குழு மதியமும் இரவுமாக ஐந்து தவணை வாசித்ததிலிருந்து பதிவானது. அடுத்த பதினோராம் நாள் கார் விபத்தில் போய்ச்சேர்ந்த டபுள் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு அப்போது 25 வயது. யூட்யூபில் இதையே பல தடவை கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் பியானோதான் காதில் விழுந்தது. இந்தத் தடவை கிளாஸ் சத்தம் விழுந்தது. யாரோ கிளாஸை மேஜையில் வைக்கிறார்கள். ஒரு பெண் சிரிக்கிறாள். பின்னால் யாரோ கதை பேசிக்கொண்டே இருக்கிறார்கள், வாசிப்பவர்களை யாரும் சட்டை செய்த மாதிரியே தெரியவில்லை, கடைசியில் கைதட்டல்கூட ஏனோதானோவென்று. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். எங்களை இருமவிடாத மனுஷனுக்கு உயிரான தட்டில் ஒரு கூட்டமே சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறது. ஃபோர்மேன் வீட்டில் கேட்டபோது நீங்களும் பேசிக்கொண்டுதான் கேட்டீர்களா? அவருடைய வீட்டம்மா ஏதாவது கொண்டுவந்து வைப்பார்களா? இதை நேரில் கேட்பேன், பதில் சொல்ல வேண்டும், விரலைத் தூக்கக் கூடாது.

டிசம்பர் 20 வருகிறேன். தட்டு கைப்பையில் வரும், லக்கேஜில் போட மாட்டேன், பயப்படாதீர்கள். உங்கள் கராட் பிளேயருக்குப் பொருந்துகிற ஊசி வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கிற ரப்பர் சக்கரம் இத்தனை வருஷத்தில் கல்லாகியிருக்கும், அதைக் கடைந்து சரிசெய்ய உங்கள் பழைய செட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள். காது மெஷினை மாட்டிக் கேட்பதா கழற்றிக் கேட்பதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை.

பிளேயரைப் பரணிலிருந்து நீங்களாக இறக்க வேண்டாம். போன தடவை முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்தீர்கள். நான் வந்து இறக்குகிறேன்.