படிக்க ஆள் இருந்தும் நின்றுபோன பத்திரிகை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனிந்து எழுதக் கூடாது என்று மகள் பேனாவையே எடுத்து வைத்துவிட்டாள், அதனால்தான் தாமதம். இப்போது கண்ணாடி போட்டால் எட்டுப் பாயிண்ட் எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது.

நீ எழுதியிருந்த ஒரு வரி மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. "படிக்க ஆள் இல்லை, அதனால்தான் தொழிலாளர் பத்திரிகை எல்லாம் நின்றுபோச்சு." பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் கோத்துவிட்டு, ராத்திரி அதே கேஸ் (ஈய எழுத்துப் பெட்டி) முன்னால் நின்று சங்கப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவர்கள் நாம். கட்டுக்கட்டாகத் திரும்பி வந்ததையும் பார்த்தவர்கள். நீ அப்படி நினைப்பதில் தப்பில்லை. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். லண்டனில் வந்த டெய்லி ஹெரால்டு என்ற தொழிலாளர் தினசரியின் கதை தெரிந்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அதைத் தொடங்கியது யார் தெரியுமா? நம் தொழில்காரர்கள். 1910 டிசம்பரில் அச்செழுத்துக் கோப்பவர்களின் லண்டன் கம்பாசிட்டர் சங்கம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை கேட்டுப் போராட்டத்தில் இறங்கியது. தங்கள் நியாயத்தைச் சொல்ல இன்னொரு பத்திரிகையின் வாசலில் போய் நிற்கவில்லை. தாங்களே கோத்து, தாங்களே அடித்து, தினமும் ஒரு வேலைநிறுத்தத் தாள் கொண்டுவந்தார்கள். 1911 ஜனவரி 25 முதல் அதற்கு டெய்லி ஹெரால்டு என்று பெயர். உச்சத்தில் 25,000 பிரதி விற்றது. ஏப்ரலில் போராட்டம் முடிந்தது, தாளும் நின்றது. ஆனால் ருசி கண்டவர்கள் விடுவார்களா? துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லெட்டும் சோஷலிச அரசியல்வாதி ஜார்ஜ் லான்ஸ்பரியும் இன்னும் சிலரும் சேர்ந்து, அதே பெயரில் நிரந்தரத் தினசரி ஒன்றை 1912 ஏப்ரல் 15 அன்று கொண்டுவந்தார்கள். டைட்டானிக் மூழ்கியதும் அதே நாள் விடியற்காலையில்தான்.

கையில் காசு இல்லை. கடன்காரன் ஒரு பக்கம், காகிதக்காரன் ஒரு பக்கம். இருந்தும் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு எழுதினார்கள், 1913-இல் டப்ளினில் முதலாளிகள் செய்த கதவடைப்பில் பட்டினி கிடந்த தொழிலாளர் பக்கம் நின்றார்கள். உலகப் போர் வந்ததும் வாரப் பத்திரிகையாகச் சுருங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் போரை ஆதரிக்கவில்லை. ஊரே சாப்பாட்டுச் சாமானுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த 1917-இல், இந்தப் பத்திரிகையைச் சேர்ந்த பிரான்சிஸ் மெய்னெல் என்கிறவர் ரிட்ஸ் ஓட்டலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பணக்காரர்களுக்குத் தட்டில் என்னென்ன வருகிறது என்று அப்படியே எழுதினார். ரிட்ஸில் எப்படிப் பட்டினி கிடக்கிறார்கள் பாருங்கள் என்பதுதான் தலைப்பு.

1919 மார்ச்சில் மறுபடி தினசரி ஆனது. அந்த மே மாதம் வில் டைசன் வரைந்த கார்ட்டூனை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். போருக்குப் பின் நடந்த வெர்சாய் சமாதான மாநாட்டுத் தலைவர்கள் நாலு பேரும் வெளியே வருகிறார்கள். ஏதோ குழந்தை அழுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்கிறார் பிரெஞ்சுப் பிரதமர் கிளமென்சோ. தூணுக்குப் பின்னால் துணியில்லாத ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதன் தலைக்கு மேல் '1940-ஆம் ஆண்டு அணி' என்று, அதாவது அந்த வருஷம் பட்டாளத்துக்குப் போகப்போகிற பிள்ளை என்று எழுதியிருக்கிறது. போர் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த போரில் சாகப்போகிற பிள்ளையை அந்த மனிதர் வருஷத்தோடு வரைந்து வைத்துவிட்டார். அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1920 செப்டம்பரில் நடந்ததுதான். பத்திரிகை மூழ்கும் நிலை. ரஷ்யாவிலிருந்து 75,000 பவுண்டு உதவி வருகிறது. பத்திரிகைக்கு உதவ ரஷ்ய வைரத்தைச் சாக்லேட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததும் அதே மெய்னெல்தான். வாங்கலாமா, வேண்டாமா? முதல் பக்கத்தில் வாசகர்களிடமே கேட்டார்கள். கடைசியில் வேண்டாம் என்று முடிவானது, மெய்னெல் விலகினார். அடுத்த மாதமே விலையை ஒரு பென்னியிலிருந்து இரண்டாக ஏற்றினார்கள். வாசகனை ஒளிவுமறைவில்லாமல் கேட்டு, அவன் காசில் ஓட்டுவோம் என்று நின்றார்களே, ஒரு பத்திரிகைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் சொல்.

ஆனால் விளம்பரம் வரவில்லை. 1922-இல் தொழிற்சங்கக் காங்கிரசும் (பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு) லேபர் கட்சியும் அதை ஏற்றுக்கொண்டன. 1930-இல் ஓடம்ஸ் என்ற பதிப்பு நிறுவனத்துக்கு நூற்றுக்கு 51 பங்கு, தொழிற்சங்கக் காங்கிரசுக்கு 49. அந்த மே மாதம்தான் இதன் நிருபர் ஜார்ஜ் ஸ்லோகோம், எரவாடா சிறைக்குள் போய்க் காந்தியைப் பேட்டி கண்டார். பிறகு வந்தது விற்பனைப் போட்டி. சந்தா சேர்ந்தால் கேமரா, பட்டுக் காலுறை, டிக்கன்ஸ் நாவல் வரிசை என்று வீடுவீடாகப் போய்க் கொடுத்தார்கள். 1933-இல் 20 லட்சம் பிரதி. அப்போது உலகத்திலேயே அதிகம் விற்ற தினசரி அதுதான். அந்த எண்ணிக்கை எனக்குப் பெருமையாக இல்லை. கேமராவுக்காகச் சேர்ந்தவன் வேறொரு பத்திரிகைக்காரன் நல்ல கேமரா கொடுத்தால் போய்விடுவான்.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். 1964 செப்டம்பரில் அது நின்றபோது அதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 47 லட்சம் பேர். டைம்ஸ், கார்டியன், பைனான்ஷியல் டைம்ஸ் மூன்றின் வாசகர்களையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் ஹெரால்டு படித்தவர்கள் வயதான தொழிலாளிகள். அவர்களிடம் விற்க விளம்பரக்காரனிடம் எதுவும் இல்லை. நாட்டில் விற்ற தினசரிகளில் நூற்றுக்கு எட்டு இது. விளம்பர வருமானத்தில் இதன் பங்கு மூன்றரை. படிக்க ஆள் இருந்தான் அப்பா. அவன் பையில்தான் காசு இல்லை. அதை "ஆள் இல்லை" என்று நாமும் சேர்ந்து சொல்லக் கூடாது.

அதன் இடத்தில் சன் என்று புதுப் பெயரில் வந்தது. ஐந்து வருஷத்தில் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக் வாங்கினார். 1986 ஜனவரியில் அவருடைய நிறுவனம் அச்சகத்தை லண்டனின் வாப்பிங் பகுதிக்கு மாற்றியபோது 5,000-க்கும் அதிகமான அச்சுத் தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கியது. கம்பாசிட்டர்கள் தங்கள் போராட்டத்துக்காக அடித்த தாளின் வாரிசு, கம்பாசிட்டர்களையே வீதியில் நிறுத்திவிட்டது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

நம் சங்கப் பத்திரிகைக்கு எவ்வளவு விளம்பரம் வந்தது என்று யோசித்துப் பார். ஒரு சைக்கிள் கடை, ஒரு டீக்கடை. அந்தக் கட்டுகள் திரும்பி வந்ததும் படிக்க யாருக்கும் வேண்டாம் என்பதால் இல்லை. மில் வாசலில் விற்க நமக்கு ஆள் போதவில்லை. நீ ஒரு இதழை டீக்கடை பெஞ்சில் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டியதை நான் மறக்கவில்லை. அந்தப் பத்துப் பேர் எந்தக் கணக்கில் வந்தார்கள்?

என்னிடம் பதினேழு இதழ்கள் இருக்கின்றன. சில பக்கங்கள் செல்லரித்துவிட்டன. உன் வீட்டுப் பரணில் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. பேரன் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். தாள் உடையும், சுருட்டாமல் அட்டைக்கு நடுவே வைத்து எடுத்து வா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கேஸ் கூட்டாளி