குட்டி போட்ட மிக்சி யாருடைய சொத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் நகைச்சுவைப் பக்கத்தில் சில வாரங்களாக ஒரு சண்டை நடக்கிறது. வீட்டு ஓனரிடம் மிக்சியை இரவல் வாங்கிய குடித்தனக்காரர், திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு சின்னச் சட்னி ஜாரையும் நீட்டி, “உங்க மிக்சி குட்டி போட்டிருக்கு சார்” என்கிறார். ஓனருக்கு வாயெல்லாம் பல். அடுத்த மாதம் கிரைண்டர் இரவல் போகிறது, திரும்பி வரவில்லை. போய்க் கேட்டால், “பிரசவத்துல தவறிடுச்சு சார்” என்று பதில். இதற்குப் பரிசு கொடுத்தீர்கள். மறுவாரமே இன்னொரு வாசகர், இது நான் பல வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் எழுதியது, அப்பட்டமான திருட்டு என்று எழுதினார். நீங்களும் வருத்தம் தெரிவித்துவிட்டு, இனி வரும் ஒவ்வொரு ஜோக்குடனும் ‘இது என் சொந்தக் கற்பனை’ என்ற உறுதிமொழி இருக்க வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டீர்கள்.

அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இந்தக் கதையை அந்த இருவருமே உண்டாக்கவில்லை. துருக்கியில் நஸ்ருதீன் ஹோஜா பக்கத்து வீட்டுக்காரரிடம் கொப்பரை வாங்கிய கதையாக இது காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. நம் தெனாலிராமன் கதைப் புத்தகங்களிலும் பானையாக வருகிறது. என் அப்பத்தா சொன்னபோது அது அண்டா. விசேஷ வீட்டுக்கு அண்டா கேட்டுப் போகிறவன், உள்ளே ஒரு செம்பைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பான். அண்டாவின் சொந்தக்காரர் ஊரில் வட்டிக்கு விடுகிற பெரிய வீட்டுக்காரர். பாத்திரம் குட்டி போடும் என்று ஒரு மனுசன் எப்படி நம்புவார் என்று நாங்கள் கேட்டால், அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்லும்: “காசு குட்டி போடும்னு நம்புறவன், அண்டா போட்டா நம்ப மாட்டானாக்கும்?”

இந்த ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கதை எங்கிருந்து வந்திருந்தாலும் இந்த வரி மானாமதுரைப் பக்கத்துச் சரக்கு. அந்த வீட்டுக்குக் கடன்பட்டிருந்த ஒருத்தி சொன்னது.

நான் ரயில் தபால் பிரிவில், அதாவது ஆர்.எம்.எஸ்ஸில், சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை–சென்னை இரவு வண்டியில் தபால் பெட்டிக்குள் நின்றபடியே கடிதம் பிரிப்போம். திண்டுக்கல் பைகளை இறக்கிவிட்டால், திருச்சி வருவதற்குள் கொஞ்சம் மூச்சு விடலாம். கை பாட்டுக்குத் தட்டில் கடிதம் போட்டுக்கொண்டிருக்கும், வாய் கதை சொல்லும். அங்கே அதே அண்டா சைக்கிள் ஆகிவிட்டது, குட்டி காற்றடிக்கிற பம்ப். ஏமாறுகிறவர் யார் என்கிறீர்கள்? சம்பள நாளில் எங்களுக்குக் கைமாற்று கொடுத்து, மறு சம்பளத்தில் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் ஒரு மூத்த சார்ட்டர். அவர் காது கேட்கவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார். வேறு எந்தப் பேச்சாக இருந்தாலும் மறுநாள் கைமாற்று கிடைத்திருக்காது.

இப்போது உங்கள் மிக்சியைப் பாருங்கள். அண்டா போய் மிக்சி வந்ததைவிட, வட்டிக்காரர் போய் வீட்டு ஓனர் வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அட்வான்ஸைத் திருப்பி வாங்க நடையாய் நடந்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார்கள்! எலும்புக்கூடு ஒன்றேதான். யாரை நேரில் எதிர்த்துப் பேச முடியவில்லையோ அவரை அந்தந்த ஊரும் காலமும் உள்ளே கொண்டுவந்து வைக்கிறது. இதை நாட்டார் வழக்காறு, அதாவது மக்கள் வாய்வழியாகக் கைமாற்றி வரும் மரபு, என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? தாலாட்டையும் ஒப்பாரியையும் விடுகதையையும் அப்படிச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஜோக் என்றால் மட்டும் ஆசிரியர் பெயர் கேட்கிறோம்.

படித்தவர்கள் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பின்லாந்துக்காரர் ஆன்ட்டி ஆர்னே 1910இல் நாட்டுப்புறக் கதைகளை வகை பிரித்து எண் போட்டார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அதை விரிவாக்கினார். 2004இல் ஜெர்மானியர் ஹான்ஸ் யோர்க் ஊத்தர் திருத்தினார். அதில் 1200 முதல் 1999 வரையுள்ள எண்கள் முழுக்க முழுக்கச் சிரிப்புக் கதைகளுக்கும் துணுக்குகளுக்கும்தான். குட்டி போட்ட பானை 1592பி. ஆயுள் முழுக்கத் தபால் பிரித்த எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தபோது பின்கோடு புத்தகம் பார்த்த மாதிரி இருந்தது. ஆலன் டண்டஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இன்னொரு படி மேலே போய், அலுவலகங்களில் நகலெடுத்துச் சுவரில் ஒட்டுகிற கேலித் தாள்களையும் வழக்காறு என்று சேகரித்து, 1975இல் புத்தகமாகவே கொண்டுவந்தார்.

1287 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றைக் கடந்தவர்கள் ஆளை எண்ணிப் பார்த்து, தன்னை எண்ண மறந்து, ஒருவர் போய்விட்டார் என்று அழுவது. நமக்கு இது பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய சீடர்களும். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கொரு அடி கொடுத்து எண்ணிக் காட்டுவான். எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தில் இதே கதை காத்தம் என்ற ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் மீன் பிடிக்கப் போனதாக வழங்குகிறது. அங்கேயும் அடி வாங்கித்தான் கணக்கு நேராகிறது. சரி, வெறும் முட்டாள் கதை என்று விடலாமா என்றால், 14ஆம் நூற்றாண்டில் அத்வைத குரு வித்யாரண்யர் ‘பஞ்சதசி’யில் இதையே வேதாந்தத்துக்கு எடுத்துக்கொள்கிறார். பத்துப் பேர் ஆறு கடக்கிறார்கள், எண்ணினால் ஒன்பது, தேடுகிற பத்தாவது ஆள் நீயேதான் என்கிறார். ரமணரின் ‘உள்ளது நாற்பது’ பாட்டொன்றிலும் அந்தப் பத்தாவது ஆள் வருகிறார். அத்வைதம் படிக்கிறவரும் அஞ்சாங்கிளாஸ் பையனும் ஒரே ஜோக்கைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

வீரமாமுனிவர் அதை இங்கே கேட்டாரா, தன் ஊரிலிருந்து கொண்டுவந்தாரா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். எந்த ஊரில் எந்தத் திண்ணையில் யார் வாயால் கேட்டார் என்று ஒரு குறிப்பு நம் கையில் இருந்தால் வாதம் எதற்கு? அவர் காலத்திலும் ‘சொந்தக் கற்பனை’ என்று உறுதிமொழி கேட்டிருந்தால் அந்தக் குறிப்பு இருக்க வழியே இல்லை. இப்போது உங்கள் கட்டம் செய்வதும் அதைத்தான். நேர்மையாக “இது எங்கள் தெருவில் கேட்டது” என்று எழுதுகிறவர் ஜோக் குப்பைக்கூடைக்குப் போகும். கூசாமல் பொய் உறுதிமொழி கொடுக்கிறவருக்குப் பரிசு போகும்.

கேட்டவை எல்லாமே அச்சுக்கு உகந்தவை என்று சொல்ல வரவில்லை. சிரிப்பில் விஷமும் உண்டு. பெண்டாட்டியை, ஊமையை, இன்னொரு சாதியை, பக்கத்து ஊரைக் குத்துகிற கதைகள் ஏராளம். எங்கள் ஊரில் பக்கத்து ஊர்க்காரனை வைத்துச் சொன்ன முட்டாள் கதைகளை, பெண் எடுத்த ஊரில் என் ஊர்ப் பெயரோடு கேட்டு உட்கார்ந்திருக்கிறேன், மாப்பிள்ளை விருந்துச் சாப்பாட்டின்போது. இடைசெவல் கி. ராஜநாராயணன், மற்றவர்கள் முகம் சுளித்து ஒதுக்கிய பச்சைக் கதைகளையும் விடாமல் சேகரித்தார். சேகரிப்பு வேறு, ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வேறு. எதை விடுவது என்பது உங்கள் உரிமை.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற துணுக்கு, சொன்னவர் முகத்தை வழித்துத் துடைத்துவிட்டு வருகிறது. ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்பதைத் தவிர அதற்கு ஊரும் இல்லை பேரும் இல்லை. என் பேரன் சிரித்துவிட்டு அடுத்ததைத் தள்ளுகிறான். ஒரு நாளிதழ் நினைத்தால் அந்த முகத்தைப் பிடித்து வைக்கலாம். நஸ்ருதீன் கதை சொல்லும் மரபை 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்க, துருக்கியும் அஜர்பைஜானும் உஸ்பெகிஸ்தானுமாக ஏழு நாடுகள் சேர்ந்தே விண்ணப்பித்தன. என்னுடையது, உன்னுடையது என்று அடித்துக்கொள்ளவில்லை. இங்கே இரண்டு வாசகர்கள் ஒரு மிக்சிக்காக மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஆகவே உறுதிமொழிக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: யார் சொன்னது, எங்கே, சுமாராக எந்த வருடம், கதையில் ஏமாறுவது யார். ஜோக்குக்கு அடியில் சின்ன எழுத்தில் போட்டால் போதும். பரிசை அனுப்பியவருக்கே கொடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. பழக்கத்துக்காக முதல் குறிப்பை நானே அனுப்புகிறேன்:

குட்டி போட்ட அண்டா. சொன்னவர்: அப்பத்தா. இடம்: மானாமதுரைப் பக்கத்துக் கிராமம், 1960களின் தொடக்கம். ஏமாறுபவர்: வட்டிக்காரர். குட்டி போட்ட சைக்கிள். சொன்னவர்கள்: இரவு வண்டி சார்ட்டர்கள். இடம்: திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் நடுவே, 1980கள். ஏமாறுபவர்: கைமாற்று கொடுத்தவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர்,
மானாமதுரை.