கோப்பை நிறையாவிட்டால் கோபப்படாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் ஏர்வாடி வரை நம் கடலோரப் பிள்ளைகள் பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போவது பழகிப்போன சேதி. சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்குச் சீனா போகலாமா என்று கேட்கும் மாணவர்களும் இப்போது உண்டு. "அங்கே எப்படி நடத்துவார்களோ?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் பயம். நன்றாகவே நடத்துவார்கள். ஆனால் அந்த அன்பு வாய்வார்த்தையாக அதிகம் வராது. வெந்நீராகவும் தட்டில் விழும் மீன் துண்டாகவும் வரும். அந்த அடையாளங்களை அறியாதவர்களுக்கு அன்பு கண்ணில் படாமலே போய்விடும்.

முதலில் காகிதங்கள். ஊதியமில்லாத தொண்டு, 90 நாளுக்குள் என்றால் ‘எஃப்’ விசா. "டூரிஸ்ட் விசா போதும், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் கைச்செலவுக்குத் தருவார்கள்" என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். அது சட்டவிரோத வேலை. அபராதம் 5,000 முதல் 20,000 யுவான் வரை. மோசமான வழக்கென்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. ஓட்டலில் தங்கினால், நீங்கள் தங்கியிருக்கும் இடத்தைக் காவல்துறையில் பதிவதை அவர்களே செய்வார்கள். ஒரு குடும்பத்தோடு தங்கினால், போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். "களைப்பாக இருப்பாய், சாப்பிட்டுத் தூங்கு, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார் வீட்டுக்காரர். அந்த ஒரு உபசாரத்துக்கு மட்டும் மசியாதீர்கள். விட்டுவிட்டால் எச்சரிக்கையோ, 2,000 யுவான் வரை அபராதமோ வரலாம்.

இனி சாப்பாட்டு மேசை. தண்ணீர் கேட்டால் வெந்நீர்தான் வரும், கோடையிலும். பச்சைத் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்பது அவர்கள் எண்ணம். ரயில் பெட்டியிலேயே கொதிநீர்க் குழாய் இருக்கும். மூடி இறுகும் ஃபிளாஸ்க் ஒன்று கையில் இருக்கட்டும். தேநீரைப் பத்தில் ஏழு பங்குதான் ஊற்றுவார்கள். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பை அது. விளிம்புவரை ஊற்றினால் விருந்தாளியின் விரல் சுடும். நிறைய ஊற்றுவது விருந்தாளியை அவமதிப்பதாகவும் கொள்வார்கள். தளும்பத் தளும்ப ஊற்றினால்தான் மரியாதை என்று வளர்ந்த நமக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றும். தெற்குச் சீனாவின் குவாங்டாங் பக்கம், ஊற்றுகிறவருக்கு நன்றியாக இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார்கள். கெண்டியின் மூடியைச் சரித்து வைத்தால் இன்னும் வெந்நீர் வேண்டும் என்று பொருள்.

வீட்டுக்காரர் நல்ல துண்டாகப் பார்த்து உங்கள் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே இருப்பார். காலி செய்யச் செய்ய மறுபடி விழும். நம்மூரில் இலையை மடித்தால் முடிந்தது. அங்கே கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் ‘போதும்’ என்று புரியும். சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. அது செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றியது போலாகும். சைவக்காரர்கள் ‘காய்கறி’ என்று மட்டும் சொன்னால் பன்றிக்கொழுப்பில் வதக்கிய கீரை வரலாம். இறைச்சிச் சாறும் கொழுப்பும் கூடாது என்று சீன எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினத்துப் பிள்ளைகள் ஹலால் கடைக்கு ‘சிங்ஜன்’ என்ற பலகையைத் தேட வேண்டும். மது வேண்டாம் என்பதை முதல் கோப்பைக்கு முன்பே சொல்லிவிட்டுத் தேநீரை உயர்த்துங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இரண்டு சுற்றுக் குடித்துவிட்டு மூன்றாவதை மறுத்தால்தான் முகம் சுருங்கும்.

வயது என்ன, கல்யாணம் ஆயிற்றா, அப்பாவுக்கு என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்பார்கள். ராமநாதபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்காததா?

பரிசை இரண்டு கையாலும் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை மறுத்துவிட்டுத்தான் வாங்குவார்கள். சோர்ந்து பைக்குள் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். கடிகாரமும் குடையும் ஆகாது. அவற்றின் ஒலி அவர்கள் மொழியில் ஈமச்சடங்கையும் பிரிவையும் நினைவூட்டும். பால் இனிப்பு சுங்கத்தில் நின்றுவிடும், பனங்கற்கண்டு நல்லது. அவர்கள் விரும்பி உண்பதாயிற்றே என்று கடல் அட்டையை மறந்தும் எடுத்துப் போகாதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான இடத்தில் இருக்கிறது.

வாட்ஸ்அப் அங்கே தடை, அவர்களின் செய்திச் செயலியான வீசாட் 2020 ஜூன் முதல் இங்கே தடை. நம்மூர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வீட்டோடு பேச்சு அறாது.

பேச்சைத் தொடங்க ஒரு பெயர் போதும்: கோட்னிஸ். 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவரான சோலாப்பூர்க்காரர். ஜப்பானுடன் சீனா போரிட்டபோது போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தே தேய்ந்து, 1942 டிசம்பரில் 32 வயதில் அங்கேயே இறந்தார். ஷிஜியாஜுவாங் நகரில் அவர் கல்லறைக்கு இன்றும் பூ வைக்கிறார்கள். பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓட்டின் படமும், சீனத் துறைமுக நகரான சுவான்சௌவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் படமும் கைபேசியில் இருந்தால் இன்னும் நல்லது. மொழி தெரியாத இடத்தில் படம் பேசும்.

கிளம்பும்போது ‘மான் ஸௌ’, அதாவது மெல்லப் போங்கள் என்பார்கள். நம் ‘பார்த்துப் போங்க’தான். லிப்ட் வரை, தெருவாசல் வரை கூடவே வருவார்கள், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்கள். வளைவு திரும்பும் முன் ஒரு தடவை திரும்பிக் கையசையுங்கள். அதுவரை அங்கேயேதான் நின்றிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை.