உணவுல வர்ற கிருமி பத்தின ஆராய்ச்சிப் பணத்தை துறைகள் ஒண்ணா உக்காந்து திட்டம் போட்டு செலவு பண்ணணும்: தலைமைச் செயலாளருக்கு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மைக்ரோபயாலஜி ஆசிரியை,
கலை அறிவியல் கல்லூரி,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: உணவு வழியா பரவுற கிருமிகள் பத்தி அரசுப் பணத்துல நடக்கிற ஆராய்ச்சிகளை ஒருங்கிணைக்க ஒரு நிரந்தரக் குழு அமைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் ரொம்ப வருஷமா மைக்ரோபயாலஜி சொல்லிக்குடுக்கிறேன். மனுவுக்குன்னு ஒரு நடை இருக்கு, எனக்கு அது கைவரல, அதனால நேர்ல பாத்தா எப்படி சொல்வேனோ அப்படியே எழுதிட்டேன், பொறுத்துக்கணும்.

எங்க லேப்ல ஒரு பழைய டீப் ஃப்ரீசர் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் எம்.எஸ்சி பசங்க ப்ராஜெக்ட்டுக்காக கறிக்கடை, பானிபூரி தண்ணி, முட்டை ஓடு, பேக்கரி க்ரீம்னு சாம்பிள் எடுத்துட்டு வருவாங்க, அஞ்சாறு நாள் தூக்கம் கெட்டு வளர்ப்பாங்க, தட்டுல நடுவுல கருப்புப் பொட்டு வச்ச மாதிரி சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமியோட காலனி வந்தா அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாக்கணும், அப்புறம் எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது சாகுது எதுக்கு சாகலன்னு பாத்து அட்டவணை போட்டு தீசிஸை பைண்ட் பண்ணி வைவா முடிஞ்சதும் கெளம்பிடுவாங்க. அடுத்த பேட்ச் வரும்போது ஃப்ரீசர்ல எடம் இருக்காது. பழைய கல்ச்சர், அதாவது வளத்து வச்ச கிருமி எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ங்கற நீராவி மெஷின்ல போட்டு கொன்னுட்டு எடம் பண்றோம். இதை நானே என் கையால பண்ணியிருக்கேன். எந்த ஊர்ல எந்த மாசம் எந்த மருந்துக்கு மசியாத கிருமி கெடச்சதுன்னு தீசிஸ்ல இருக்கு, ஆனா அந்த கிருமி இல்ல. நாளைக்கு யாராச்சும் அதோட டிஎன்ஏவை பாக்கணும்னு கேட்டா குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் கெடயாது.

பக்கத்து ஊர் காலேஜ்லயும் இதே தலைப்புதான், இதே பானிபூரிதான். எங்க ஊர்லயே வெட்னரி காலேஜ் இருக்கு, கோழிக்கு வர்ற நோயைப் பத்தி அங்க ஆராய்ச்சி நடக்குது, நாங்க அதே கோழியோட கறியில இருக்கிற கிருமியைப் பாக்கிறோம், ரெண்டு பேரும் ஒரு தடவை கூட ஒரு ரூம்ல உக்காந்து பேசினது இல்ல. பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லல, பேசுங்கன்னு சொல்றதுக்கு யாரும் இல்ல, அவ்வளவுதான்.

2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்டு 14 வயசுப் பொண்ணு இறந்துச்சு, நாப்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் கேரளாவுல காசர்கோடு பக்கம் செறுவத்தூர்ல 16 வயசுப் பொண்ணு, அங்க ஷிகெல்லாங்கற பேதிக் கிருமின்னு கண்டுபிடிச்சாங்க. எங்க ஊர் செய்தி வந்த அன்னைக்கு கிளாஸ்ல பாடம் நடத்த முடியல ஐயா. ஒரு பொண்ணு எந்திரிச்சு கேட்டா, "மேம், அது கோழியில இருந்து வந்துச்சா, மயோனைஸ்ல இருந்தா, வெட்டுற பலகையில இருந்தா, இல்ல கட்டித்தர்றவர் கையில இருந்தா?" நான் புஸ்தகத்துல இருக்கிற நாலு வழியையும் சொன்னேன். அவ கேட்டது அது இல்ல.

இந்த மாதிரி ஒரு சம்பவம் நடந்தா உணவு பாதுகாப்பு அலுவலர்கள் சாம்பிள் எடுக்கிறாங்க, கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயமுத்தூர், பாளையங்கோட்டைன்னு ஆறு பகுப்பாய்வுக் கூடம் இருக்கு, சட்டப்படி 14 நாள்ல ரிப்போர்ட் வரணும், அது வழக்குக்கு. அதுல அவங்களைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, இருக்கிற ஆளை வச்சு ஓடிட்டுதான் இருக்காங்க. ஆனா கிருமி எங்கிருந்து கெளம்புச்சுங்கறது வேற கேள்வி. அதுக்கு நோயாளி மலத்துல கெடச்ச கிருமி, கடை சாம்பிள்ல கெடச்சது, பண்ணையில கெடச்சது மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மரபணுவை ஒப்பிட்டுப் பாக்கணும். முதல் கிருமி ஆஸ்பத்திரி லேப்ல, ரெண்டாவது உணவு பாதுகாப்புத் துறையில, மூணாவது கால்நடைத் துறையில, மரபணு படிக்கிற மெஷின் ஏதோ ஒரு யுனிவர்சிட்டியில. நாலும் நாலு துறை, நாலு ஃபைல். உணவு பாதுகாப்பு ஆணையருக்கு எழுதினா போதாதான்னு நண்பர்கள் கேட்டாங்க. கால்நடைத் துறையையும் உயர்கல்வித் துறையையும் கூப்பிட்டு உக்கார வைக்க அவரால முடியாது, உங்களால முடியும், அதனாலதான் உங்களுக்கு.

பணம் வர்ற வழியும் இதே கதைதான். மத்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆர் ஒரு பக்கம் குடுக்குது, வேளாண் ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஏஆர் ஒரு பக்கம், மத்திய பயோடெக்னாலஜி துறை ஒரு பக்கம், மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ ஒரு பக்கம், நம்ம மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பக்கம். ஒருத்தர் நோயைப் பத்தி கேக்கறாங்க, ஒருத்தர் உற்பத்தியைப் பத்தி கேக்கறாங்க. யாரு எதுக்கு எவ்வளவு குடுத்திருக்காங்கன்னு ஒரே எடத்துல பாக்க ஒரு பட்டியல் வேணும். அது இருந்தா எங்க குவிஞ்சிருக்கு எங்க காலியா இருக்குன்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

காலியா இருக்கிறதுல என் மனசை அரிக்கிற ஒண்ணை மட்டும் சொல்றேன். சோறு. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, அரிசியிலயே ஸ்போரா, அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற விதை மாதிரி இருக்கும், சோறு வேகுற சூட்டுல சாகாது, வடிச்ச சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்குல இருந்தா முளைச்சுப் பெருகி விஷத்தை உண்டாக்கும், வாந்தி எடுக்க வைக்கிற அந்த விஷம் மறுபடி சூடு பண்ணாலும் போகாது. நம்ம புளிசோறு, பொங்கல், பிரியாணி எல்லாம் எத்தனை மணி நேரம் வெளிய இருக்கு, சித்திரை வெயில்ல மூடின டப்பாவுக்குள்ள எத்தனை டிகிரி, புளி போட்டதுல எவ்வளவு வளருது, போடாததுல எவ்வளவு வளருது, இதெல்லாம் நம்ம ஊர் சாப்பாட்டுல நம்ம ஊர் வெயில்ல அளந்து வச்சிருக்க வேண்டிய விஷயம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 மதுரையில ஆரம்பிச்சது, நல்ல திட்டம், எங்க தெருப் பிள்ளைங்களும் சாப்பிடுறாங்க. நகரங்கள்ல ஒரே கிச்சன்ல சமைச்சு வண்டியில போகுது. அந்த வண்டியில ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஆராய்ச்சி மாணவரும் ஒரு வருஷம் கூடப் போனா போதும், எத்தனை மணிக்குள்ள பரிமாறணும்னு அடிச்சு சொல்லிடலாம். ஆனா சால்மோனெல்லா பிரிச்செடுக்கிற நூறாவது தீசிஸ்தான் சுலபமா பாஸ் ஆகுது.

பச்சை முட்டை மயோனைஸை நம்ம அரசு 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷம் தடை பண்ணுச்சு. நான் அதை வரவேத்தவ. ஆனா இப்படி ஒரு உத்தரவு போடும்போதே அதுக்கு முன்னாடி எவ்வளவு கிருமி இருந்துச்சு, பின்னாடி எவ்வளவுன்னு அளக்கறதுக்கு ஒரு சின்னத் தொகையும் சேத்து ஒதுக்கணும், இல்லன்னா தடையை நீட்டிக்கணுமா வேண்டாமான்னு எதை வச்சு முடிவு பண்றது? கோழிக்கு கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக்கை குடுக்கக்கூடாதுன்னு மத்திய அரசு 2019 ஜூலையில தடை போட்டதுக்கும் இதே கேள்விதான்.

இது உலகத்துல நடக்காத விஷயம் இல்ல. பிரிட்டன்ல 1988 டிசம்பர்ல முட்டையில சால்மோனெல்லான்னு எட்வினா கர்ரிங்கற மந்திரி பேசப்போய் நாடே அல்லோலகல்லோலப்பட்டு அவங்க பதவியே போச்சு. அந்த நாட்டுல உணவுக் கிருமி ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் குடுக்கிற அமைப்புகள் ஒண்ணா கூடிப் பேச தனியா ஒரு குழுவே வச்சாங்க, 1998ல இருந்து முட்டைத் தொழில்காரங்க தங்களோட தரத்துக்குப் போடுற லயன் முத்திரை முட்டைக்கு கோழித் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினாங்க, 2017ல அந்த முட்டையை அரைவேக்காடா கர்ப்பிணிகளும் சாப்பிடலாம்னு அரசே சொல்ற அளவுக்கு வந்துட்டாங்க. டென்மார்க்ல 1995ல இருந்தே மனுஷன், கறி, பண்ணை மூணுலயும் மருந்துக்கு மசியாத கிருமியை ஒரே திட்டத்துல கணக்கெடுக்கிறாங்க. நம்மகிட்டயும் ஐசிஎம்ஆர் மனுஷங்களுக்கு ஒரு வலையமைப்பு வச்சிருக்கு, ஐசிஏஆர் மீனுக்கும் கால்நடைக்கும் ஒண்ணு வச்சிருக்கு, அந்த ரெண்டையும் மாநில அளவுல முடிச்சுப் போடுறதுதான் வேலை.

அதனால ஐயா நான் கேக்கறது இதுதான். உங்க தலைமையில மக்கள் நல்வாழ்வு, கால்நடை, மீன்வளம், வேளாண்மை, உயர்கல்வி, சமூக நலம் இத்தனை துறையும் இருக்கிற ஒரு குழு, வருஷத்துக்கு மூணு தடவையாவது கூடணும், சென்னையில இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தஞ்சாவூர்ல இருக்கிற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நிஃப்டெம், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் எல்லாரையும் கூப்பிடணும். நடக்கிற ஆராய்ச்சிப் பட்டியலை தமிழ்லயும் பொதுவுல போடணும். அரசுப் பணத்துல எடுத்த எந்த கிருமியையும் அழிக்காம சேத்து வைக்க ஒரு மாநில கிருமி சேமிப்பகம் வேணும், மத்ததெல்லாம் லேட்டானாலும் இதை முதல்ல பண்ணுங்க, ஏன்னா ஒவ்வொரு மே மாசமும் எத்தனையோ காலேஜ்ல அழிச்சுக்கிட்டே இருக்கோம். உணவு விஷமாகி வர்ற கேஸை டாக்டர்கள் தெரிவிக்கணும்னு அறிவிக்கை போட 2006 உணவு பாதுகாப்பு சட்டத்துல 35வது பிரிவு வழி குடுக்குது, அதை நம்ம மாநிலத்துல முழுசா நடைமுறைப்படுத்த எஃப்எஸ்எஸ்ஏஐயை வலியுறுத்தணும். அடுத்த தடவை ஒரு ஊர்ல கூட்டமா வாந்தி பேதின்னா, எந்த லேப் எதைப் பாக்கும், யாருக்கு அனுப்பும்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும்.

எங்க டிபார்ட்மெண்ட்ல இதுவரைக்கும் வந்த தீசிஸ் தலைப்புப் பட்டியலை இதோட இணைச்சிருக்கேன், எந்தெந்த கல்ச்சர் இன்னும் உயிரோட இருக்குன்னு பக்கத்துல டிக் போட்டிருக்கேன். அடுத்த பேட்ச் ஜூன்ல வருது. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னா இருக்கிறதையாவது காப்பாத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மைக்ரோபயாலஜி ஆசிரியை, நாமக்கல் மாவட்டம்.

இணைப்பு: தீசிஸ் தலைப்புப் பட்டியல்